கூஸ் வாத்து பழக்கி விடப்படும்

கூஸ் வாத்தை விற்பது ஒரு நாள் வேலை. விற்ற வாத்தை, வாங்கினவர் வீட்டு மாட்டோடும் நாயோடும் பூனையோடும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்த வைப்பதுதான் மீதி மாதத்து வேலை. ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவே நின்று அரிசி களைந்தவர்களுக்கும், ஒரே லைனில் இரண்டு சூப்பர்வைசர்களுக்கு நடுவே நின்று ஓ.டி. பார்த்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வலிக்கிற இடம்தான் எனக்கும் வலிக்கும். என்ன, எனக்குக் கொஞ்சம் கீழே, கெண்டைக்காலில் வலிக்கும்.

1991இல் பென்னலூரில் ஒரு சின்னப் பறவைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஜெயராமன் சார். சுற்றிலும் கம்பெனிகளுக்கு நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கட்டடம் கட்டுகிற இடத்தில் இரும்புக் கம்பி காணாமல் போகும்; குவார்ட்டர்ஸில் காயப்போட்ட புடவை காணாமல் போகும். சாருக்கு அதில் ஒரு வியாபாரம் தெரிந்தது. ரோட்டோரம் போர்டு வைத்தார்: ‘நாய்க்குப் பதில் கூஸ் வாத்து. திருடன் வந்தால் ஊரையே எழுப்பும். ஒரு மாதம் இலவச சர்வீஸ்.’

அந்த போர்டில் இரண்டு சிக்கல். நாய்க்குப் பதில் என்று எழுதியிருந்ததே தவிர, வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தது. மீதிப் பேர் வீட்டில் மாடோ ஆடோ பூனையோ இருந்தது. இரண்டாவது சிக்கல், அந்த இலவச சர்வீஸ் நான்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தீனி போடவும் கொட்டகை கழுவவும்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

லட்சுமி பால் கொடுக்கவில்லை

முதல் புகார் பக்கத்துத் தெருவிலிருந்தே வந்தது. பால்கார மல்லிகா அக்கா ஒரு ஜோடி வாங்கிப் போய் மாட்டுக்கொட்டகை ஓரமாக விட்டிருந்தார். அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு மாட்டின் காலடியில் உட்கார்ந்தால், ஆண் வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டி ‘உஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டு வருமாம். மாட்டின் பெயர் லட்சுமி. அதற்குப் பாம்பென்று பயம். சொம்பை உதைத்துவிட்டு, பாலை அடக்கிக்கொண்டு நின்றுவிடும். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள், “மூணு வூட்டுக் கொழந்தைங்க பவுடர் பால் குடிச்சுகினு கீதுங்க, எல்லாம் ஒங்க வாத்தால” என்று அக்கா ஆரம்பித்துவிட்டார்.

முதலாளியிடம் யோசனை கேட்டதற்கு, “அதுங்களே பழகிக்கும்” என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். மாட்டுக்கும் வாத்துக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டியை நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்க்கலாம், தொட முடியாது என்கிற மாதிரி வைத்தேன். லட்சுமிக்குப் பிண்ணாக்கு வைக்கிற அதே நேரத்தில் தட்டிக்கு இந்தப் பக்கம் வாத்துகளுக்குக் கோதுமை. எதிரியைப் பார்க்கிற நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருந்தால் எதிரி முகம் கொஞ்சம் லட்சணமாகத் தெரியும் என்பது என் கணக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் இதைப் பார்த்திருக்கிறேன். வாரம் போகப் போகத் தட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கடைசியில் எடுத்தே விட்டோம். லட்சுமி வாத்தின் தலையை நக்க ஆரம்பித்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த மாதம் அக்கா மறுபடி பண்ணை வாசலில் நின்றார். வாத்துகள் காலையில் குட்டைக்குப் போய்விட்டால் லட்சுமி பால் கொடுப்பதில்லையாம். இரண்டும் பக்கத்தில் நின்று சீறினால்தான் சுரக்கிறதாம். இந்தப் பழக்கத்தை விட வைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டு சொன்னார்: “இன்னாம்மா அநியாயம் இது, எங்க வூட்டு மாட்டுல பால் கறக்க நான் வாத்துகிட்ட பர்மிஷன் வாங்கிகினு கீறேன்!”

ஜூலியின் மாப்பிள்ளை

ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி குவார்ட்டர்ஸில் மேனேஜர் வீட்டு அம்மா ஒருவர், நளினி மேடம். அவர் வீட்டில் ஜூலி என்று ஒரு வெள்ளைப் பொமரேனியன். தோட்டத்துக்கு அழகாக இருக்கும் என்று மேடம் ஒரே ஒரு ஆண் வாத்தை மட்டும் வாங்கினார். ஜோடியாக வாங்குங்கள், தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். “ஒண்ணு போதும், ரோஜாச் செடியெல்லாம் போயிடும்” என்றார். முதல் நாளே ஜூலி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. சர்வீஸ் கிளம்பியது.

தட்டி, தீனி எல்லாம் போட்டேன். இந்த வாத்து மற்ற வாத்துகளைப் போல சீறவே இல்லை. தட்டியோடு கழுத்தை ஒட்டிக்கொண்டு ஜூலியையே பார்த்துக்கொண்டிருந்தது. குண்டாக, வெள்ளையாக, குட்டைக் காலோடு ஒன்று நடந்து போனால் அது என்ன நினைக்கும், நீங்களே சொல்லுங்கள். தட்டியை எடுத்த அன்று நேராக ஜூலியிடம் போய், தலையை மேலும் கீழும் ஆட்டி, இறக்கையை விரித்து ஒரு சுற்று சுற்றிக் காட்டியது. ஜூலிக்கும் ஆட்சேபணை இல்லை. மேடம் கை தட்டினார். “கஸ்தூரி, யூ ஆர் எ ஜீனியஸ்” என்றார். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் அந்த வார்த்தையை வழி நெடுக சைக்கிளில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்புறம்தான் வினை. அந்த வாத்து ஜூலியை விட்டு ஓரடி நகரவில்லை. ஜூலியைக் குளிப்பாட்ட வந்த வேலைக்காரம்மாவைக் கடித்தது. ஊசி போட வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டர், பையைக் கீழே போட்டுவிட்டு மாமரத்தில் ஏறினார். கடைசியில் மேடமே மடியில் தூக்கி வைக்கப் போனபோது அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டம் முழுக்க வந்திருக்கிறது. நான் ஓடிப்போய் ஒரு பெட்டை வாத்தைக் கொண்டு விட்டேன். அது பெட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெராண்டா கிரில்லுக்கு உள்ளே நின்றபடி மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “பழக்கி விடுன்னுதான சொன்னேன் கஸ்தூரி, கல்யாணம் பண்ணி வைன்னா சொன்னேன்?”

வெள்ளை ஆடு

வாலாஜாபாத் பக்கத்தில் தாமோதரன் என்று ஒருவர் ஆடு வைத்திருந்தார். அவர் குஞ்சாக வாங்கின ஜோடியில் ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த குஞ்சு ஆட்டுக்குட்டிகளோடு ஒரே கூடையின் கீழே வளர்ந்தது. வளர்ந்த பிறகு அதற்குத் தான் வாத்து என்ற விஷயமே தெரியவில்லை. வீட்டைக் காவல் காக்காமல், காலையில் மந்தையோடு மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். அதுவும் கடைசியில் இல்லை, முன்னால். ஆடுகளும் அதன் பின்னாலேயே போகப் பழகிவிட்டன. “எல்லாம் இன்னொருத்தங்கூட பழக மாட்டேங்குதுன்னுதான் வருவானுங்க. எனக்கு இது பழகினத வுட வெச்சுக் குடும்மா” என்றார் தாமோதரன்.

பண்ணையிலிருந்து இரண்டு வாத்துகளைக் கூடையில் கட்டிக்கொண்டு போய் அதன் எதிரில் விட்டேன், சொந்தக்காரர்களைப் பார்த்தால் புத்தி வரும் என்று. அது அந்த இரண்டையும் ஏரிக்கரை வரைக்கும் துரத்திவிட்டுத் திரும்பி வந்து, தன் ஆடுகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது போல மந்தையை ஒரு சுற்றுச் சுற்றியது. நான் ஏரியில் இடுப்பளவு இறங்கி அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இது மந்தையை அழைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்துவிட்டது. அங்கே ஒரு கம்பெனி. சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற நேரம்; கேட் ஆவென்று திறந்திருந்தது. உள்ளே புதிதாகப் போட்ட பச்சைப் புல்தரை.

நனைந்த புடவையோடு நான் போய்ச் சேர்ந்தபோது ஆடுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. தாமோதரன் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். கேட் செக்யூரிட்டி மட்டும் தன் கூண்டுக்குள் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். தொப்பி வெளியே கிடந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் கூண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: “மத்த ஆடுங்கோ எல்லாம் சொன்னா கேட்டுக்கிச்சு தங்கச்சி, அந்த வெள்ளை ஆடு மட்டும் கேட் பாஸ் கேட்டா கடிக்க வருது.”

டீக்கடைப் பூனை

ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடை பழனியின் பூனை, வாத்து வந்த நாளிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையை விட்டு இறங்கவில்லை. நெத்திலிக் கருவாட்டைக் காட்டிக் காட்டி ஒரு வாரத்தில் இறக்கினேன். இன்னொரு வாரத்தில் இரண்டும் ஒரே சாக்கில் படுத்தன. அதற்குப் பிறகு அவை தாமாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டன. பெஞ்சில் உட்கார்ந்து யாராவது பன் பட்டர் ஜாமை வாயருகே கொண்டு போனால் வாத்து பின்னாலிருந்து சீறும். ஆள் பன்னைப் போட்டுவிட்டு ஓடுவார். பூனை வெண்ணெயை நக்கிக்கொள்ளும், வாத்து பன்னை எடுத்துக்கொள்ளும். திருப்திதானே என்று கேட்கப் போனேன். காலி பெஞ்சைத் துடைத்துக்கொண்டே பழனி சொன்னார்: “ரெண்டும் நல்லா ஒத்துமையா கீதும்மா, கஸ்டமருதான் ஒருத்தனும் இல்ல.”

கருப்பன் வேலை போன கதை

இது மட்டும் கொஞ்சம் பெரிய கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில் ஒரு கம்பெனிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வாட்ச்மேன் ஏகாம்பரம் அண்ணா. தனி ஆள். தகரக் கொட்டகையில் அவரும் கருப்பன் என்ற கிழ நாயும்தான் குடித்தனம். சோறு வடித்தால் முதல் கவளம் கருப்பனுக்கு. ஆனால் கருப்பனுக்குக் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் லாரி வந்து நின்றாலும் தூங்கும். இரண்டு தடவை கம்பி திருடு போனதும் சைட் மேனேஜர் எங்களிடம் ஒரு ஜோடி வாத்துக்குச் சொல்லியனுப்பினார். ஏகாம்பரம் அண்ணாவிடம், “வாத்து வந்தா நாய் எதுக்கு? ரெண்டும் சண்டை போட்டுக்கினு இருந்தா நான் பாக்க முடியாது. சனிக்கிழமை நான் வரும்போது ஒத்துப்போவலைன்னா, நாயை மணல் லாரியில ஏத்தி எங்கயாவது விட்டுடு” என்று சொல்லிவிட்டாராம்.

வாத்தைக் கொண்டுபோய் இறக்கினேன். நான் சைக்கிளைத் திருப்பும்போது அண்ணா ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். “எம்மா, அத வுட்டா அது எங்க போவும்? காது கேக்காது, லாரியில அடிபட்டுடும். நீ கொஞ்சம் பாரும்மா” என்றார். இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். முதலாளியிடம் சொல்லாமலே தினமும் மதியத்துக்கு மேல் அங்கே போக ஆரம்பித்தேன்.

நாய்க்கும் வாத்துக்கும் சண்டை என்றால் நாயைத்தான் பிடித்துக் கட்டுவோம். இங்கே தலைகீழ். ஆண் வாத்து கருப்பனின் காதைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியதில், அது கலவை மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. அண்ணா கருவாட்டுச் சோறு வைத்தும் வெளியே வரவில்லை. அந்தப் பயத்தைத்தான் முதலில் இறக்க வேண்டியிருந்தது. கம்பி வலையை நடுவில் கட்டினேன். நான் வலைக்கு இந்தப் பக்கம், கருப்பன் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் அண்ணா வாத்துகளுக்கு முளைக்கீரையை வலை ஓரமாகப் போடுவார். வியாழக்கிழமைதான் கருப்பன் வலைப் பக்கம் தலையை வைத்துப் படுத்தது. வெள்ளிக்கிழமை வலையை எடுத்தோம். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். பெட்டை வாத்து மெல்ல வந்து, கருப்பனின் முதுகு ரோமத்தைப் தன் இறகைக் கோதுவது போல அலகால் கோத ஆரம்பித்தது. கருப்பன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கிப்போயிற்று. அதன் இரண்டு பக்கமும் இரண்டு வாத்துகள் உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பிறகு கருப்பன் எங்கே நடந்தாலும் அவை பின்னாலேயே போயின. கிழ நாய் ஒன்றுக்குப் போக எழுந்தால்கூட ஊர்வலம்தான்.

சனிக்கிழமை மேனேஜர் ஜீப்பில் வந்தார். வாத்துகள் அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் ஒரு காலை வெளியே வைத்ததுதான் தாமதம், இரண்டும் இறக்கையை விரித்துக் கத்திக்கொண்டு பாய்ந்தன. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபக்கக் கதவைத் திறந்தார். ஆண் வாத்து ஜீப்புக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்து நின்றது. ஏகாம்பரம் அண்ணா கம்பை வீசினார், அண்ணாவையும் மதிக்கவில்லை. ஒத்துப்போக வேண்டியது நாயோடு என்றுதான் பாடுபட்டேனே தவிர, மேனேஜரோடு பழக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அண்ணாவுக்குத்தான் சட்டென்று உறைத்தது. ஓடிப்போய்க் கருப்பனைத் தட்டி எழுப்பி, சோற்றுச் சட்டியைக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். கருப்பன் சோம்பல் முறித்தது. கொட்டாவி விட்டது. பிறகு ஜீப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அண்ணா கையிலிருந்த சோற்றுச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சைட்டின் அந்தக் கோடிக்கு நடந்தது. வாத்துகள் அப்படியே கத்தலை நிறுத்திவிட்டு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அதன் பின்னால் வரிசையாகப் போய்விட்டன. மேனேஜர் இறங்கி ஆபீஸ் ஷெட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தின கதவுக்குள்ளிருந்தே, “ஏகாம்பரம், நான் திரும்பிப் போற வரைக்கும் அந்த நாயை எங்கயும் அனுப்பிடாத! நாளைக்கும் அனுப்பாத! எப்பவுமே அனுப்பாத!” என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோடியில் சோற்றுச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாயைப் பார்த்து, “டேய் கருப்பா, பொழச்சுகிட்டடா” என்று கூப்பிட்டேன். ஏகாம்பரம் அண்ணா என்னை விரல் காட்டி அடக்கினார்: “பேர் சொல்லிக் கூப்புடாதம்மா, அவரு இப்ப சூப்பர்வைசரு.”

எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து

ஊருக்கெல்லாம் சர்வீஸ் செய்தால் ஒரு நாள் நம் வீட்டுக்கும் வரும். எந்த வீட்டிலும் தங்காமல் திரும்பித் திரும்பிப் பண்ணைக்கே வந்த ஒரு பெட்டை வாத்தை, “நீயே வெச்சுக்கோ” என்று முதலாளி என் தலையில் கட்டினார். என் வீட்டுக்காரர் செல்வம் மொட்டை மாடியில் புறா வளர்க்கிறவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் புறாக்களுக்குக் கம்பு இறைத்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். எனக்குப் புறாக்களை நினைத்துத்தான் கவலை. புறாக்களோ இரண்டாம் நாளே வாத்தின் முதுகில் உட்கார்ந்துவிட்டன. ஒத்துப்போகாத பிராணி மனுஷன்தான். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் வாத்து கத்தும். அவர் எழுந்து அதைவிடச் சத்தமாகக் கத்துவார். “அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்ற இடத்துக்கு விஷயம் வந்துவிட்டது.

நம் கையில் ஒரே வைத்தியம்தானே. மாடியில் தட்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் வாத்து, இந்தப் பக்கம் பாயில் செல்வம். அவர் டீ குடிக்கிற அதே நேரத்தில் அதற்குத் தீனி. அதையும் அவர் கையாலேயே போட வைத்தேன். முதலில் முறைத்துக்கொண்டு எறிந்தார். அப்புறம் கம்பெனி கேண்டீனில் கொடுக்கிற பிஸ்கட்டைத் தாளில் மடித்து எடுத்து வந்தார். அப்புறம் தட்டி தானாகக் காணாமல் போனது. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், கம்பெனி பஸ் நிற்கிற முனையில் வாத்து போய்க் காத்துக்கொண்டிருக்கிறது; இவர் இறங்கியதும் இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்கு வருகிறார்கள். அவர் தூங்கும்போது அது கத்துவதே இல்லை. யாராவது சத்தம் போட்டால் அடக்கப் போகிறது. அந்த யாராவது, வீட்டில் நான் ஒருத்திதான். பாத்திரம் விழுந்தால் என்னைப் பார்த்துச் சீறுகிறது. சாப்பாட்டுத் தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கொத்த வருகிறது. “இது என்ன நியாயம், என்னன்னு கேளுங்க” என்று அவரிடம் முறையிட்டேன். செல்வம் வாத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே, கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னார்: “தட்டிக்கு அந்தாண்ட கொஞ்ச நாள் உக்காந்து சாப்புடு கஸ்தூரி, அதுக்குப் பழகிடும்.”

மொத்தத்தில் நான் கண்டது, பழக்க முடியாத பிராணி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. பழகின பிறகு பிரிக்க முடியாத பிராணிகள்தான் உண்டு, அதற்கும் நம்மையேதான் கூப்பிடுவார்கள்.